நார்வேக்கு எந்த எண்ணோடு போகிறாய்?

அன்புள்ள ஜெசிந்தா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப்போவதில்லை. நேற்றுக் காலைதான் போனில் பேசினோம். உனக்குத் தொண்டை கட்டியிருந்தது; மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொன்னேன்; நீ குடித்திருக்க மாட்டாய். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சிதம்பரத்தில் உன் வாசலில் நிற்கலாம். ஆனால் நேரில் வந்தால் நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பாய், நீ அடுக்கிய விதத்தை நான் குறை சொல்லிக்கொண்டிருப்பேன், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். அதனால் எழுதுகிறேன். வியாழக்கிழமை உன் கையில் சேரும் என்று கூரியர்காரர் சொல்கிறார். நீ புறப்படுவது ஞாயிற்றுக்கிழமை. நடுவில் இருக்கும் இரண்டு நாளை நான் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ஏன் என்பது படித்து முடிக்கும்போது தெரியும்.

நார்வேயில் பதினொரு மாதம் இருக்கப்போகிறாய். போனுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டேன். "அங்க போயி ஒரு சிம் வாங்கிக்குவேம்மா. இந்த நம்பர ஆஃப் பண்ணி வெச்சிடுவேன். ரோமிங்குக்குத் தண்டம் அழ முடியாது" என்றாய். அங்கே இறங்கி, அறைக்குப் போய், கடையைக் கண்டுபிடித்து, சிம் வாங்கும் வரைக்கும் உன்னை நான் எப்படிப் பிடிப்பது என்றேன். "எதுக்குப் புடிக்கணும்? நாலு நாள்ல நானே கூப்புடுறேன்" என்று சிரித்தாய். நான் விடவில்லை. நீயும் விடவில்லை. என் மகள்தானே. கடைசியில் அலுத்துப்போய் நீ ஒன்று சொன்னாய். "எந்தப் பிளான் வாங்குனா என்னாம்மா? அன்னைக்கு பெல்ஜியத்துலேர்ந்து ரோமிங்லதான் கூப்ட்டேன். அடிச்சிகிட்டே கெடந்துச்சு. போனு வீட்ல சார்ஜ்ல இருந்துச்சு, நீங்க ஆஸ்பத்திரில இருந்தீங்க. நேரம் அப்படி." நீ அதைக் கோபமாகச் சொல்லவில்லை. என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னாய். ஐந்து வருடமாக அப்படித்தான் சொல்லிவருகிறாய். ரிசீவரை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

பிறகு நான் செய்தது உனக்குத் தெரிந்த அம்மா செய்யக்கூடிய காரியம்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூருக்குப் போனேன். முதல் இரண்டு கடைகளில் விளம்பரத் தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது பாஷா பாயின் கடை. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. முன்பு அதே இடத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர். கண்ணாடிக் கூண்டை இன்னும் எடுக்கவில்லை, உள்ளே இப்போது போன் உறைகள் தொங்குகின்றன. எனக்கு ஒரு நாற்காலி போட்டார். நான் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன். இரண்டு ஆங்கிலப் பிழைகளைத் திருத்தியும் கொடுத்தேன்.

"பத்து வருஷமா கடை வெச்சிருக்கேம்மா. இந்தப் பக்கத்தத் திருப்பிப் பாத்த மொத ஆளு நீங்கதான்" என்றார் பாஷா பாய்.

"கையெழுத்துப் போடறவங்க படிக்க வேண்டாமா? இங்க பாருங்க. வெளிநாட்டுல இருக்கறப்ப அவளுக்கு வர்ற காலுக்கும் அவளே காசு குடுக்கணும்னு போட்டிருக்கு. கூப்பிடறது நான். அவ எதுக்குக் குடுக்கணும்?"

"பாப்பா நார்வேல இருக்கிறது கூப்புடுறவங்களுக்குத் தெரியாதுல்லம்மா. அவுங்க நம்ம ஊர்ல பேசுறதா நெனச்சிதான் அடிப்பாங்க. இங்கேர்ந்து அங்க போறதுக்கு ஆவுறது பாப்பா தலையிலதான் விழும்."

"அவ பாப்பா இல்ல. முப்பத்தெட்டு வயசு. டாக்டர் பட்டம் வாங்கினவ."

"வாங்கட்டுமே. நான் உங்க பக்கம் நின்னு பேசுறேம்மா. உங்களுக்கு பாப்பாதான?" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

பொறுமையான மனிதர். எல்லாவற்றையும் விளக்கினார். இந்த எண்ணிலேயே ரோமிங் போட்டுக்கொண்டு போகலாம். அதை இங்கிருந்து கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும்; அங்கே இறங்கியபின் போடுவது பெரும்பாடு. அவருடைய மச்சான் ஒருவர் அப்படிப் போய் இறங்கி, மூன்று நாள் டவரே கிடைக்காமல் திண்டாட, ஊரில் பெண்டாட்டி கையைப் பிசைந்துகொண்டு கிடந்தாளாம். இல்லையென்றால் அந்த நாட்டு எண்ணை இங்கேயே விற்கிறார்கள், அதை வாங்கிப் போகலாம். மூன்றாவது, நீ சொன்னது போல அங்கே போய் வாங்குவது. "பேசுறதுக்கு அதுதான் சல்லிசு. ஆனா பழைய நம்பர அப்படியே போட்டு வெச்சிடாதீங்க. பல மாசம் ரீசார்ஜ் பண்ணாம உட்டா கம்பெனிக்காரன் அந்த நம்பர வேற யாருக்காவது குடுத்துடுவான்" என்றார். ஜெசி, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் இரண்டே இரண்டு. நம் வீட்டு எண், உன் எண். உன்னுடையதை அழுத்தி, வேறு யாரோ ஒரு ஆண் குரல் "யாருங்க" என்று கேட்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

அப்போது அவர் நல்லதுக்குத்தான் இன்னொன்றும் சொன்னார். "ரோமிங்ல இருக்கும்போது மிஸ்டு காலு குடுத்தா ரெண்டு பக்கமும் எடுக்காதீங்கம்மா. எடுத்துட்டா மீட்டர் ஓட ஆரம்பிச்சிடும்." நான் எழுந்துவிட்டேன். படிவத்தையும் வாங்கவில்லை. பாதித் தெரு நடந்தபிறகு பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது: "அம்மா, கொடைய வுட்டுட்டுப் போறீங்களே!"

மிஸ்டு கால் சட்டத்தை நம் வீட்டில் போட்டவள் நான் என்பது உனக்குத் தெரியும். அது எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. நான் தங்கிப் படித்த கான்வென்டில் எல்லாமே மணிதான். ஒருமுறை அடித்தால் எழுந்து நிற்க வேண்டும். இரண்டுமுறை அடித்தால் வரிசை. மூன்றுக்கு வாய் மூட வேண்டும். பதினொரு வருடம் அப்படி வளர்ந்தேன். நீ சிதம்பரத்தில் வேலையில் சேர்ந்து வாராவாரம் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தபோது நமக்கும் அப்படி ஒன்று வகுத்தேன். பஸ் ஏறியதும் ஒரு ரிங். போய்ச் சேர்ந்ததும் இரண்டு ரிங். மூன்றைத் தாண்டி அடித்தால் ஏதோ அவசரம், உடனே எடுக்க வேண்டும். காசு மிச்சம் என்பது ஒரு பக்கம். உலகத்தில் எதுவும் ஒழுங்குக்குள் வந்துவிட்டால் எனக்குப் பயம் குறையும், அதுதான் உண்மை. நீ ஒரு ரிங் கொடுத்ததிலிருந்து இரண்டு ரிங் வரும்வரை நான் மனதுக்குள் அந்தப் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பேன். இப்போது குடிகாடு, ரசாயனத் தொழிற்சாலை நாற்றத்துக்கு இப்போது கைக்குட்டையை மூக்கில் வைத்திருப்பாள், இப்போது ஆலப்பாக்கம், இப்போது புதுச்சத்திரம். பத்து நிமிடம் தாமதமானால் அப்பாவிடம் எரிந்து விழுவேன்.

அப்பாவுக்கு இந்தச் சட்டம் ஒருநாளும் பிடிபடவில்லை. பிடிபடாததுபோல் நடித்தார் என்று இப்போது தோன்றுகிறது. முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவார். "ஹலோ, சிதம்பரம் ஸ்டேஷன் மாஸ்டருங்களா? எங்க வீட்டு வண்டி வந்து சேந்துச்சா?" நீ அந்தப் பக்கம் கத்துவாய், "அப்பா, கட் பண்ணுங்கப்பா, அம்மா திட்டப்போறாங்க!" நான் இந்தப் பக்கம் திட்டிக்கொண்டிருப்பேன். "அவ வந்துட்டான்னு சொல்லத்தான அடிச்சா? எதுக்கு எடுக்கறீங்க?" என்றால், "கொரலு கேட்டாத்தான்டி வந்த மாதிரி இருக்கு. உனக்கென்ன, சிஸ்டருங்க கிட்ட வளந்தவ. மணி அடிச்சா கையக் கட்டிக்குவ" என்பார்.

இனி எழுதுவதை இரண்டுமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றாவது தாள் இது.

நீ பெல்ஜியம் போன மறுநாள் அப்பாவுக்கு நெஞ்சில் வலி வந்தது. சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இரண்டாம் நாள் தேறி உட்கார்ந்தார், இட்லி கேட்டார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவுசெய்தவள் நான். கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் போயிருக்கிறாய், முதல் வெளிநாட்டுப் பயணம், முடித்துவிட்டு வரட்டும் என்றேன். உன் துறையில் வேலை பார்க்கும் மீனாட்சி எங்களை அங்கே பார்த்ததும், உனக்கு மின்னஞ்சல் அனுப்பியதும் அப்போது எனக்குத் தெரியாது. நான்காம் நாள் பிற்பகல், மூன்று மணி இருக்கும், வார்டில் பார்வையாளர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். என் போன் அடித்தது. போன் வீட்டில் இல்லை, ஜெசி. சார்ஜிலும் இல்லை. என் மடியில் இருந்தது.

உன் எண். ஒன்று. இரண்டு. நலம் என்று சொல்கிறாய், நிறுத்திவிடுவாய் என்று காத்திருந்தேன். மூன்று. நான்கு. அப்பாவும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். சட்டம் பிடிபடாத மனிதர். "மூணு தாண்டிடுச்சுடி" என்றார். கையை நீட்டினார். "குடு, ஒரு வார்த்த பேசிக்கறேன்." நான் போனின் பக்கத்துப் பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினேன். அழைப்பைத் துண்டிக்கவில்லை. துண்டித்தால் உனக்குத் தெரிந்துவிடும். இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேன். அது உள்ளங்கைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்து ஓய்ந்தது. மறுபடி வந்தது. மறுபடி. மூன்று தடவை கூப்பிட்டாய். அப்பா மூன்று தடவையும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ நாளைக்குக் கட்டுர வாசிக்கணும். உங்க கொரலக் கேட்டா கண்டுபுடிச்சிடுவா. ரோமிங்ல காசு வேற ஜாஸ்தி. வந்ததும் உக்காந்து பேசுங்க" என்றேன். அவர் சண்டை போடவில்லை. கையை மடக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணுமில்ல, அந்த ஊரு சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கிச்சான்னு கேக்கலாம்னு நெனச்சேன்" என்றார். மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போய்விட்டார்.

காசுக்காக என்றும் உன் கட்டுரைக்காக என்றும் அவரிடம் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். இரண்டும் இல்லை. எடுத்தால் நீ கேட்பாய், "ஏம்மா மொதல்லயே சொல்லல?" என்று. அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. நான் எடுத்த முடிவு தப்பு என்று, பெற்ற பிள்ளை வாயிலிருந்து, வார்டில் பத்துப் பேர் முன்னால் கேட்க எனக்கு மனம் இல்லை. நானே போட்ட சட்டத்தை, அது எதற்காக இருந்ததோ அந்த ஒரே நாளில், நானே மீறினேன். நீ விமானத்திலிருந்து இறங்கி ஓடிவந்து, அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, "மூணு தடவ கூப்ட்டேம்மா, ஏன் எடுக்கல?" என்று கேட்டபோது சார்ஜில் இருந்தது என்று சொல்லிவிட்டேன். நீ உடனே நம்பினாய். பொய் சொல்கிற பழக்கம் இல்லாதவள் சொன்னதால் நம்பினாய். வாழ்நாள் முழுக்க நான் சேர்த்துவைத்த நல்ல பெயரை அந்த ஒரு வரிக்குச் செலவழித்தேன். சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரிடம் சொன்னேன். மன்னிப்பு உண்டு என்றார். உன்னிடம் சொல்லாமல் அது எனக்குச் செல்லுபடியாகவில்லை.

நீ போனபிறகு, இருபது நாள் கழித்துச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். அங்கே தனி அறையில், தெரிந்தவர் யாருமில்லாத ஊரில் நீ இதைப் படிக்கக் கூடாது. நீ கிளம்பப் பல நாள் இருக்கும்போதே சொன்னால் பயணம் கெடுமோ என்றும் பயம். அதனால்தான் இரண்டு நாள். இதைப் படித்துவிட்டு, அந்தப் புது எண்ணை எனக்குத் தராமலே நீ போய்விடலாம். அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. பாஷா பாயின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நான் உண்மையில் பயந்தது அதற்குத்தான், ரோமிங்குக்கு அல்ல.

ஆனாலும் உன் அம்மா என்ற முறையில் போன் விஷயத்தை முடிக்காமல் விட முடியாது. குடையை எடுக்கத் திரும்பிப் போனபோது மிச்சத்தையும் கேட்டுக்கொண்டேன். நீ சொன்னது பாதி சரி. அங்கே போய் அந்த ஊர் சிம் வாங்கு, தினசரிப் பேச்சுக்கு அது போதும். ஆனால் இந்த எண்ணில் வெள்ளிக்கிழமைக்குள் ரோமிங் போட்டுவிடு. உன் மேஜை டிராயரில் இருக்கும் பழைய பட்டன் போனையும் கொண்டுபோ; அங்கே புது சிம் வாங்கியதும் இந்த சிம்மை அதில் மாற்றி, பேசாவிட்டாலும் உயிரோடு வைத்திரு. வருகிற குறுஞ்செய்திக்கு அங்கே காசு இல்லை என்று பாஷா பாய் சத்தியம் செய்கிறார். அதையும் நான் பின்பக்கத்தில் படித்து உறுதிசெய்துகொண்டேன். புதுப் போனில் இன்டர்நெட்டை விமானம் ஏறும் முன்பே அணைத்துவிடு. அங்கே இறங்கியதும் தானாக ஓடி, ஒரு சம்பளத்தைத் தின்றுவிடுமாம். கம்பெனியின் உதவி எண்ணைப் போனில் மட்டும் வைக்காதே, தாளில் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வை. என் போனை மின்வெட்டுக்கு முன்பே காலையும் மாலையும் சார்ஜ் செய்துவிடுகிறேன். சிரிக்காதே, இந்த முறை உண்மையாகவே சார்ஜ்.

ஒரு ரிங், இரண்டு ரிங் எல்லாம் இன்றோடு முடிந்தது. சட்டத்தை நானே எடுத்துவிட்டேன். நீ எப்போது அடித்தாலும், எந்த ஊரிலிருந்து அடித்தாலும், முதல் மணியிலேயே எடுப்பேன். அப்பா எடுத்த மாதிரி. ஸ்டேஷன் மாஸ்டரா என்று கேட்க மட்டும் எனக்கு வராது.

இதைப் படித்து முடித்ததும் எனக்குக் கூப்பிடு, ஜெசி. திட்ட வேண்டுமென்றால் திட்டு. அழைத்தபிறகு பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே. கையில் போனை வைத்துக்கொண்டு சும்மா இரு, பெட்டியை அடுக்கு, உன் வேலையைப் பார். மீட்டர் ஓடட்டும். நீ வைக்கும்வரை நான் காதிலிருந்து எடுக்க மாட்டேன்.

அம்மா